எச்எல்ஏ லிகண்டுகளை வைத்துப் பழக்கிய மாடல் புரோட்டியோசோமைக் கற்கிறதா, எச்எல்ஏ-வையா?

#1 யெலஹங்கா_வித்து

எல்லாருக்கும் வணக்கம். டெங்கு வைரஸ் புரதங்களிலிருந்து எந்தப் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) வகை-1 எச்எல்ஏ (செல்லின் மேற்பரப்பில் பெப்டைடைத் தூக்கிக் காட்டும் புரதம்) மேல் ஏறி சிடி8 டி செல்லுக்குத் தெரியும் என்று கணிக்க முயல்கிறேன். முதல் படியாக, புரோட்டியோசோம் (செல்லுக்குள் புரதங்களை வெட்டும் கருவி) எங்கே வெட்டும் என்று சொல்ல ஒரு சின்ன நரம்பு வலை கட்டியிருக்கிறேன்.

பாசிட்டிவ்: ஐஇடிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் மாஸ் ஸ்பெக் மூலம் கண்ட மனித வகை-1 லிகண்டுகள் (எச்எல்ஏ-வில் ஒட்டியிருந்த பெப்டைடுகள்), நீளம் 8 முதல் 11. ஒவ்வொன்றையும் மூலப் புரதத்தில் பொருத்தி, சி-முனை (பெப்டைடின் கடைசி முனை) வெட்டைச் சுற்றி இடப்பக்கம் 6, வலப்பக்கம் 6 அமினோ அமிலம் எடுத்தேன். நெகட்டிவ்: அதே புரதங்களில் தோராயமாகத் தேர்ந்த இடங்கள், ஒன்றுக்கு ஒன்று.

சோதனைத் தொகுப்பில் ஏயுசி (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் திறனின் அளவு) அருமையாக வருகிறது. ஆனால் சோதனைக்குழாயில் 20எஸ் புரோட்டியோசோம் (அதன் வெட்டும் மையப்பகுதி) வெட்டிய தரவில் ஓட்டினால் கிட்டத்தட்ட காசு சுண்டிப் போட்ட மாதிரி. லேயர் கூட்டியும் டிராப்அவுட் மாற்றியும் பார்த்தாயிற்று. எங்கே தப்பு?

#2 அல்சூர்_ஏரி

லேயர்ல தப்பு இல்லைங்க, கேள்வியிலதான் தப்பு. உங்க மாடல் கத்துக்கிட்டது எச்எல்ஏ-வை.

ஒரு பெப்டைடு உங்க பாசிட்டிவ் லிஸ்ட்ல வரணும்னா எத்தனை வாசல் தாண்டணும்னு பாருங்க. புரோட்டியோசோம் வெட்டணும், சைட்டோசால்ல இருக்கற பெப்டிடேஸ்கிட்ட தப்பிக்கணும் (அங்க ஒரு பெப்டைடோட ஆயுசு சில விநாடிதான்), டேப்ங்கற கடத்திப் புரதம் வழியா ஈஆர் (எண்டோபிளாச வலை) உள்ள போகணும், அங்க ஈராப்1ங்கற நொதி முன்பக்கத்தைச் சீவணும், எச்எல்ஏ பள்ளத்துல உட்காரணும். கடைசி வாசல்தான் ரொம்பக் கறார். பள்ளத்தோட ஒரு முனைல இருக்கற பாக்கெட்டுக்குப் பெப்டைடோட கடைசி அமினோ அமிலம் பொருந்தியே ஆகணும். லியூசின், வேலின், ஃபீனைல்அலனின், டைரோசின், இல்லைன்னா லைசின், ஆர்ஜினின். அஸ்பார்ட்டேட்லயோ குளூட்டமேட்லயோ முடியற லிகண்டு இல்லைன்னே சொல்லலாம்.

உங்க நெகட்டிவ் தோராயமா எடுத்தது. அதுல கிளைசினும் செரினும் குளூட்டமேட்டும் கடைசியா நிக்கும். மாடலுக்கு வேற வேலையே இல்லை, பி1-ல (வெட்டுக்கு முன்னாடி நிக்கற கடைசி அமினோ அமிலம்) இருக்கற ஒரே எழுத்தைப் பார்த்துப் பதில் சொல்லிடும். புரோட்டியோசோம் அமிலத்தன்மை உள்ள அஸ்பார்ட்டேட், குளூட்டமேட்டுக்கு அப்புறமும் வெட்டும், அதோட வெட்டும் அலகுல ஒண்ணான பீட்டா1 செய்யற வேலையே அதுதான். அந்த வெட்டெல்லாம் உங்க தரவுல "வெட்டு இல்லை"ன்னு பதிவாகியிருக்கு. குழாய்த் தரவுல உதை வாங்காம என்ன செய்யும்?

உடனே ரெண்டு சோதனை செய்யுங்க. ஒண்ணு, பி1 எழுத்தை மட்டும் கொடுத்து ஒரு லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டுங்க. அதோட ஏயுசி உங்க வலைக்குப் பக்கத்துல வந்தா, வலை வேற எதையும் பார்க்கலைன்னு அர்த்தம். ரெண்டு, பெப்டைடை அப்படியே வச்சுக்கிட்டு வலப்பக்க 6 எழுத்தை வேற புரதத்துலேர்ந்து ஒட்டுங்க. ஸ்கோர் அசையலைன்னா பக்கவாட்டு வரிசையை மாடல் படிக்கவே இல்லை.

#3 ஜாலஹள்ளி_ஜிபியு

ஏரி சொன்னதோடு இன்னொன்று. ஒன்றுக்கு ஒன்று நெகட்டிவ் வைத்து வந்த ஏயுசியை நம்பாதீர்கள். உண்மையில் லிகண்டு அரிது. மனிதப் புரதத் தொகுதியில் 9 நீளச் சன்னல்கள் ஒரு கோடிக்கு மேல். ஒரு செல் காட்டுவது சில பத்தாயிரம் வகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உணர்திறன் 90%, தவறான பாசிட்டிவ் 5% என்று வையுங்கள். ஒன்றுக்கு ஒன்றில் துல்லியம் 0.90 ÷ 0.95, அதாவது சுமார் 95%. அதே மாடலை ஒன்றுக்கு நூறில் வைத்தால் 0.90 ÷ (0.90 + 5.0), சுமார் 15%. மாடல் மாறவில்லை, தரவின் விகிதம்தான் மாறியது. ஒன்றுக்கு நூறு வைத்து, மேலிருந்து லிகண்டு எண்ணிக்கை அளவுக்கு எடுத்தால் அதில் எத்தனை உண்மை என்று அளந்து காட்டுங்கள்.

பயிற்சி, சோதனை எனப் பிரித்தது எப்படி? பெப்டைடு வாரியாகப் பிரித்திருந்தால் கசிவு நிச்சயம். ஒரே சி-முனையில் முடியும் 9-ம் 10-ம் 11-ம் ஐஇடிபி-யில் தனித்தனி வரிகளாக இருக்கும். உங்களுக்கு அவை மூன்றும் ஒரே வெட்டு. ஒன்று பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழுந்தால் மாடல் மனப்பாடம் ஒப்பிக்கிறது. முதலில் புரதம், வெட்டு இடம் என்ற ஜோடியாகச் சுருக்குங்கள், பிறகு புரதக் குடும்ப வாரியாகப் பிரியுங்கள். ஹிஸ்டோன், ஆக்டின், டியூபுலின் குடும்பங்கள் இதில் பெரிய தொல்லை. பெயர் வேறு, வரிசை ஏறக்குறைய ஒன்றே.

#4 யெலஹங்கா_வித்து

பி1 மட்டும் கொடுத்து ஓட்டினேன். என் வலைக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. பக்கவாட்டு மாற்றினால் ஸ்கோர் பெரும்பாலும் அசையவில்லை. ஏரி சொன்னதே சரி.

அப்படியானால் நெகட்டிவ் எப்படி எடுப்பது?

#5 அல்சூர்_ஏரி

எச்எல்ஏ-வைச் சமன் பண்ணிட்டுத்தான் வெட்டைக் கேட்கணும். இந்த வரிசைல போங்க:

முதல்ல, எந்த அலீல்னு (எச்எல்ஏ-வோட எந்த வகைன்னு) உறுதியாத் தெரிஞ்ச லிகண்டு மட்டும். ஒரே அலீல் வெளிப்படுத்தற செல்வழித் தரவு இருந்தா அதை எடுங்க. ஆறு அலீல் கலந்த தரவுல யாருக்கு எதுன்னு ஊகிக்கிறதே தனிப் பிழை.

அடுத்து, அந்த அலீலுக்கு மூலப் புரதத்தோட எல்லா 8–11 சன்னலையும், ஒட்டுமான்னு கணிக்கற மென்பொருளான நெட்எம்எச்சிபேன் 4.1-ல ஓட்டுங்க. ரேங்க் 2 சதவீதத்துக்குள்ள வந்தும் லிகண்டாப் பார்க்கப்படாததுதான் உங்க நெகட்டிவ். பைண்டிங் அஃபினிட்டி ரேங்கை எடுங்க, எல்யூஷன் ரேங்கை எடுக்காதீங்க. எல்யூஷன் மாடல் மாஸ் ஸ்பெக் லிகண்டுலயே பழகினது, அதுக்குள்ள வெட்டோட வாசனை ஏற்கனவே இருக்கு.

அப்புறம் ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் அதே புரதம், அதே நீளம், அதே கடைசி எழுத்து, பக்கத்து ரேங்க்னு ஜோடி சேருங்க. அதே புரதம்ங்கறது முக்கியம். நிறைய உற்பத்தியாகற புரதத்துலேர்ந்து லிகண்டு அதிகமா வரும். வேற புரதத்துலேர்ந்து நெகட்டிவ் எடுத்தா மாடல் வெளிப்பாட்டு அளவைக் கத்துக்கும்.

எம்எச்சிஃப்ளரி 2.0ங்கற (2020) இன்னொரு கணிப்பு மென்பொருள்ல இருக்கற ஆன்டிஜென் பிராசசிங் மாடலும் இந்த யோசனைதான். பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டு பக்கமும் நல்லா ஒட்டும்னு கணிச்ச பெப்டைடுகளை மட்டும் வச்சுப் பழக்கினது, அலீல் பேரே உள்ள போகாது. நீங்க செய்யறதை அதோட ஒப்பிட்டே ஆகணும்.

#6 வெண்சங்கு

அல்சூர்_ஏரியின் வழிமுறையில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கடைசி எழுத்தையும் ஜோடி சேர்த்துவிட்டால் பி1 பற்றிய தகவல் முழுவதுமாகச் செத்துவிடும். ஆனால் புரோட்டியோசோமின் தேர்வில் பெரும்பங்கு பி1-இல்தான் இருக்கிறது. பீட்டா5 நீர்விலக்கும் அமினோ அமிலங்களுக்குப் பின், பீட்டா2 லைசின், ஆர்ஜினினுக்குப் பின், பீட்டா1 அமிலத்தன்மை உள்ளவற்றுக்குப் பின் என்று வெட்டும் மூன்று இருக்கைகளும் பி1-ஐப் பார்த்தே பேசுகின்றன. எச்எல்ஏ-வின் குரலை அடக்கப் போய் புரோட்டியோசோமின் வாயையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

இது தற்செயலான ஒற்றுமையும் அல்ல. இன்டர்ஃபெரான்-காமா வந்ததும் மூன்று இருக்கைகளும் மாறி இம்யூனோபுரோட்டியோசோம் ஆகின்றன. பீட்டா1-இன் இடத்தில் எல்எம்பி2, பீட்டா5-இன் இடத்தில் எல்எம்பி7, பீட்டா2-இன் இடத்தில் மெக்எல்1. மாற்றத்தின் விளைவு, அமிலத்தன்மை உள்ளவற்றுக்குப் பின் வெட்டுவது குறைந்து நீர்விலக்கும் அமினோ அமிலத்துக்குப் பின் வெட்டுவது கூடுகிறது. எச்எல்ஏ கேட்கும் முனையை நோக்கி வெட்டும் கருவியே திரும்புகிறது. எல்எம்பி2, எல்எம்பி7 மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் எச்எல்ஏ பகுதிக்குள்ளேயே, டேப் மரபணுக்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை மறக்கக்கூடாது. இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

#7 அல்சூர்_ஏரி

ஒத்துக்கறேன் சார். பி1 சாகுதுங்கறது உண்மை. நான் சொன்னது பக்கவாட்டை மட்டும் கத்துக்கற மாடல்னு தெளிவாச் சொல்லியிருக்கணும்.

ரெண்டு மாடலாப் பிரிச்சா? வலப்பக்கம் பி1-பிரைம்லேர்ந்து (வெட்டுக்கு அப்புறம் வர்ற முதல் எழுத்து) பி6-பிரைம் வரைக்கும் ஜோடி சேர்த்த லிகண்டுலேர்ந்து. அந்த எழுத்துகள் எச்எல்ஏ பள்ளத்துக்குள்ள போகவே இல்லை, அதனால சுத்தம். பி1-ஐக் குழாய்த் தரவுலேர்ந்து தனியா.

#8 வெண்சங்கு

அது நியாயமான ஏற்பாடு. குழாய்த் தரவின் அளவையும் மனதில் வையுங்கள். வெட்டுக் கணிப்பு மென்பொருளான நெட்சாப் 3.0-இல் இரண்டு வலைகள் உண்டு. சி-டெர்ம் என்பது 1,260 லிகண்டுகளில் பழகியது. 20எஸ் என்பது ஈஸ்ட் ஈனோலேஸ், கேசீன் என்ற இரண்டே புரதங்களின் வெட்டுத் தரவில் பழகியது. எபிடோப்பின் (டி செல் அடையாளம் காணும் பெப்டைடு) முனையைக் கண்டுபிடிப்பதில் சி-டெர்ம் முந்துகிறது என்று பலரும் அதை மட்டும் பயன்படுத்துகிறார்கள். முந்துவதற்குக் காரணம் வித்து முதல் பதிவில் கண்ட அதே கலப்புதான். எபிடோப் பட்டியல் வேண்டுமென்றால் அந்தக் கலப்பு உதவி. எல்எம்பி7 இழந்த புற்றுக்கட்டியில் என்ன மாறும் என்று கேட்டால் அதே கலப்பு பொய் சொல்லும்.

மெலனோமாப் புற்றின் எபிடோப்பான மெலன்-ஏ 26–35 நல்ல எடுத்துக்காட்டு. சாதாரண புரோட்டியோசோம் அதை விடுவிக்கிறது, இம்யூனோபுரோட்டியோசோம் சரியாக விடுவிப்பதில்லை. லிகண்டுத் தரவில் பழகிய ஒற்றை ஸ்கோர் இந்த வேறுபாட்டைக் காட்டவே முடியாது, ஏனென்றால் எந்தப் புரோட்டியோசோம் என்ற நெடுவரிசையே தரவில் இல்லை.

#9 கப்பன்_கொன்றை

வெட் லேப் பக்கத்துலேர்ந்து. குழாய்த் தரவு எடுக்கப் போறவங்க கவனத்துக்கு.

25 முதல் 30 நீளமுள்ள செயற்கைப் பெப்டைடு, 20எஸ், 37 டிகிரி. நடுவுல இருக்கற வெட்டு இடத்துக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது 8 எழுத்தாவது இருக்கணும். முனைக்குப் பக்கத்துல விழற வெட்டு நம்பிக்கைக்கு உரியது இல்லை. 0, 30 நிமிடம், 1, 2, 4 மணின்னு எடுத்து டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம் சேர்த்து நிறுத்துங்க. பயிற்சிக்கு எடுக்கறது, ஆரம்பப் பெப்டைடுல பாதிக்கு மேல மிச்சம் இருக்கற நேரப்புள்ளி மட்டும்தான். ராத்திரி பூரா விட்டா வெட்டின துண்டே மறுபடி உள்ள போய் வெட்டுப்படும். முதல் வெட்டு எது, ரெண்டாம் வெட்டு எதுன்னு தெரியாம எல்லா இடமும் பாசிட்டிவ் ஆயிடும்.

ரெண்டு கட்டுப்பாடு கட்டாயம்: புரோட்டியோசோம் போடாத குழாய் ஒண்ணு, புரோட்டியோசோமைத் தடுக்கற எபாக்ஸோமைசின் போட்ட குழாய் ஒண்ணு. எபாக்ஸோமைசின் போட்டும் வர்ற துண்டு, கூட வந்த வேற புரோட்டியேஸோட வேலை. 20எஸ் தயாரிப்புல டிபிபி2ங்கற புரோட்டியேஸ் ஒட்டிக்கிட்டு வர்றது உண்டு.

இன்னொன்னு, சிக்னல் இல்லாததை "வெட்டு இல்லை"ன்னு எழுதாதீங்க. 4 எழுத்துத் துண்டு பிரிப்புக் குழாய்ல (குரோமட்டோகிராஃபி காலம்) நிக்காமலே ஓடிடும். புரோட்டியோசோம் தர்ற துண்டுல மூணுல ரெண்டு பங்கு 8-ஐ விடச் சின்னது. ரெண்டு பக்கத் துண்டும் அளக்கக்கூடிய நீளத்துல வந்திருக்க வேண்டிய இடத்துல மட்டும் நெகட்டிவ் குறிங்க, மத்தது "தெரியாது".

#10 ராகி_வயல்

ஸ்ப்ளைஸ் பெப்டைடு பற்றி யாரும் பேசவில்லையே? புரோட்டியோசோம் வெட்டுவது மட்டுமல்ல, இரண்டு துண்டுகளை ஒட்டவும் செய்கிறது. 2016-இல் வகை-1 பெப்டைடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி ஒட்டியவை என்று ஒரு ஆய்வு வந்தது.

#11 ஜாலஹள்ளி_ஜிபியு

ஒட்டுவது நடக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. 2004-இலேயே தனித்தனி எபிடோப்புகளில் காட்டியாயிற்று. தகராறு அளவில்தான். 2018-இல் அதே மாதிரித் தரவை வேறு வழியில் தேடியவர்கள் மிகச் சிறிய பங்குதான் என்றார்கள். சாத்தியமான எல்லா ஒட்டுகளையும் சேர்த்தால் தேடல் வெளி ஊதிப் பெருக்கும், அவ்வளவு பெரிய வெளியில் 1% எஃப்டிஆர் (தவறான கண்டுபிடிப்புகளின் விகிதம்) என்ற சொல்லுக்கே பொருள் குறையும். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. டிஅமிடேஷன் 0.984 கூட்டும். இவை மட்டுமே போதும், சாதாரணப் பெப்டைடு ஒட்டுப் பெப்டைடு வேடம் போட. வித்துவின் வேலைக்கு இப்போது இதைத் தொட வேண்டாம்.

#12 வெண்சங்கு

வித்து, நீங்கள் எந்தெந்த அலீலுக்கு ஓட்டப் போகிறீர்கள்? ஏ*02:01-ஐ மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு முடிவு எழுதிவிடாதீர்கள். தரவுத்தளங்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. நம் ஊர் மக்களிடம் ஏ*11:01, ஏ*24:02, ஏ*33:03 பரவலாக உண்டு. ஏ*02 குடும்பத்திலேயே இங்கே ஏ*02:11-ஐ அடிக்கடி காணலாம்.

இது வெட்டுக் கணிப்புக்கு நேரடியாக முக்கியம். ஏ*11:01 லைசினில் முடியும் பெப்டைடைக் கேட்கிறது, ஏ*33:03 ஆர்ஜினினில். புரோட்டியோசோமைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பல அலீல்களின் வெளிப்பாடு விழுந்துவிடுகிறது, ஏ3, ஏ11 போன்றவை அவ்வளவு விழுவதில்லை. லைசின் முனையைத் தருவதில் வேறு வழிகளும் சேர்கின்றன என்றே கொள்ள வேண்டும். ஆகவே ஏ*02:01-க்குப் பொருந்திய வெட்டு எடையை ஏ*11:01-க்கு அப்படியே சுமத்தினால் நல்ல எபிடோப்புகளைத் தூக்கி எறிவீர்கள். அலீல் வாரியாக முடிவைப் பிரித்துக் காட்டுங்கள், சராசரி காட்டாதீர்கள்.

#13 யெலஹங்கா_வித்து

நான்கையும் சேர்த்துக்கொள்கிறேன் சார், ஏ*02:11 உட்பட.

என்-முனைக்கும் இதே மாதிரி ஒரு வெட்டு மாடல் கட்டிச் சேர்க்கலாமா? இரண்டு முனையும் வெட்டுப்பட்டால்தானே பெப்டைடு கிடைக்கும்?

#14 அல்சூர்_ஏரி

வேணாம். சி-முனையைப் புரோட்டியோசோம் அச்சு அசலா வெட்டணும், ஏன்னா அதுக்கப்புறம் அந்தப் பக்கத்தைச் சீவறதுக்குப் பெரும்பாலும் ஆளில்லை. என்-முனைல நீளமா வந்தா பரவாயில்லை, ஈஆர்ல ஈராப்1 ஒவ்வொரு எழுத்தா உரிச்சிரும். 9-லேர்ந்து 16 வரைக்கும் உள்ளதை நல்லா எடுக்கும், 8, 9 வந்ததும் வேகம் குறையும். அதனால என்-முனைல "புரோட்டியோசோம் வெட்டு இங்க"ன்னு பழக்கினா இல்லாததைத் தேடறீங்க.

ஆனா என்-பக்க எழுத்துகளைத் தூக்கியும் போடாதீங்க. புரோலின் இருந்தா ஈராப்1 நின்னுடும். எச்ஐவி-ல இதுக்கு அழகான சாட்சி இருக்கு. காக் புரதத்துல 147–155 எபிடோப், எச்எல்ஏ-பி57 காட்டறது. வைரஸ் எபிடோப்புக்குள்ள ஒரு எழுத்தையும் மாத்தலை. அதுக்கு முன்னாடி நிக்கற 146-ஆவது அலனினைப் புரோலினா மாத்திடுச்சு. சீவல் நின்னுது, எபிடோப் வெளிய வரலை, டி செல் பார்க்கலை. ஒட்டும் ஸ்கோரை மட்டும் பார்க்கிற மென்பொருளுக்கு ரெண்டு வைரஸும் ஒண்ணுதான்.

என்-பக்கம் ஆறு எழுத்தைத் தனி உள்ளீடாக் கொடுங்க, அதுக்கு ஈராப்னு பேர் வைங்க, வெட்டுன்னு வைக்காதீங்க. பழகின பிறகு, அங்க புரோலினுக்கு எதிர்மறை எடை வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா தரவு எங்கயோ இடம் மாறியிருக்கு.

#15 கப்பன்_கொன்றை

இடம் மாறறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நெட்சாப் ஒரு எழுத்துக்கு நேர ஸ்கோர் கொடுத்தா வெட்டு அந்த எழுத்துக்கு *அப்புறம்*. அது எண்றது 1-லேர்ந்து, பைத்தான் எண்றது 0-லேர்ந்து. ஒரு எழுத்து தள்ளிப் போனா மாடல் பி1-பிரைமைப் பி1-ன்னு நினைச்சுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏயுசி மட்டும் சத்தமில்லாம இறங்கும். தெரிஞ்ச எபிடோப் ஒண்ணைக் கையால பொருத்திப் பாருங்க.

#16 ஜாலஹள்ளி_ஜிபியு

டெங்குவுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. ஃபாஸ்டா கோப்பு (புரத வரிசை உள்ள கோப்பு) எது? சுமார் 3,390 நீளப் பாலிபுரதம் முழுவதையும் ஒரே வரிசையாகக் கொடுத்திருந்தால் சந்திப்புகளில் எல்லாம் தவறு வரும். செல்லுக்குள் அது பத்துப் புரதங்களாகப் பிரிகிறது. சில சந்திப்புகளை என்எஸ்2பி-என்எஸ்3 புரோட்டியேஸ் அடுத்தடுத்து வரும் இரண்டு காரத்தன்மை உள்ள அமினோ அமிலங்களுக்குப் பின் வெட்டுகிறது, சிலவற்றை ஈஆர் பக்கம் ஓம்பும் செல்லின் சிக்னல் பெப்டிடேஸ் வெட்டுகிறது. புரோட்டியோசோமுக்கு வரும்போது என்எஸ்3-இன் கடைசி எழுத்துக்கு வலப்பக்கம் எதுவுமே இல்லை. உங்கள் மாடலோ அங்கே என்எஸ்4ஏ-வின் எழுத்துகளைப் பக்கவாட்டாகப் படித்துக்கொண்டிருக்கும்.

முதிர்ந்த பத்துப் புரதங்களையும் தனித்தனி வரிசையாகக் கொடுங்கள். முனையில் குறையும் இடங்களை எக்ஸ் போட்டு நிரப்புங்கள், பயிற்சித் தரவிலும் அதே எக்ஸ் இருக்கட்டும்.

#17 வெண்சங்கு

சிக்னல் பெப்டிடேஸ் விடும் துண்டுகள் வேறு கதை. அவை டேப் இல்லாமலே ஈஆருக்குள் இருக்கின்றன, ஏ2 அவற்றை எடுத்துக்கொள்ளும். சந்திப்புகளை ஒட்டிய நீர்விலக்கும் பெப்டைடுகளுக்கு வெட்டு ஸ்கோரும் டேப் ஸ்கோரும் பொருந்தாது என்று குறித்து ஒதுக்கி வையுங்கள், நீக்கிவிடாதீர்கள்.

சிடி4 டி செல் பக்கமும் போக நினைத்தால், அது பார்க்கும் வகை-2 எச்எல்ஏ-வுக்கு இந்த மாடல் எதுவும் உதவாது. அங்கே வெட்டுவது எண்டோசோமில் உள்ள கேத்தெப்சின்கள்.

#18 யெலஹங்கா_வித்து

பாலிபுரதத்தைத்தான் கொடுத்திருந்தேன். பிரித்துவிட்டேன். ஜோடி சேர்த்த நெகட்டிவ், குடும்ப வாரிப் பிரிப்பு, வலப்பக்க மாடல் தனி, என்-பக்கம் தனி என்று மறுபடி ஓட்டினேன். ஏயுசி நன்றாகவே இறங்கிவிட்டது. ஆனால் இப்போது பக்கவாட்டை மாற்றினால் ஸ்கோர் அசைகிறது. பி1-பிரைமில் புரோலினுக்கு எதிர்மறை, என்-பக்கத்திலும் புரோலினுக்கு எதிர்மறை.

கடைசிக் கேள்வி: வெட்டு ஸ்கோர் 0.5-க்குக் கீழ் இருந்தால் பெப்டைடை நீக்கிவிடலாமா?

#19 அல்சூர்_ஏரி

இறங்கின ஏயுசிதான் உண்மையான ஏயுசி. அதை அப்படியே எழுதுங்க.

நீக்காதீங்க, எடை போட்டுச் சேருங்க. பழைய ஆளுங்க கொடுத்த எடையைப் பாருங்க: வெட்டு, டேப், ஒட்டல் மூணையும் சேர்க்கற நெட்சிடிஎல் மென்பொருள்ல வெட்டுக்கு 0.15, டேப்புக்கு 0.05. நெட்சிடிஎல்பேன்-ல 0.225, 0.025. ஒட்டற பலத்தோட ஒப்பிட்டா வெட்டோட குரல் அவ்வளவுதான். 0.5-ன்னு கத்தி போட்டா, கொஞ்சமா வெட்டுப்பட்டாலும் பலமா ஒட்டற பெப்டைடெல்லாம் போயிடும். டி செல் கண்டுக்க ஒரு செல்லுல ரொம்பக் கொஞ்சம் பிரதி இருந்தாலே போதும்.

எடையை நீங்களே கண்டுபிடிங்க, ஆனா சோதனைத் தொகுப்புல கண்டுபிடிக்காதீங்க. மூணாவதா ஒரு தொகுப்பு ஒதுக்கி அதுல. ஏ*11:01-க்கு எடை ஏ*02:01-ஐ விடக் குறைவா வருதான்னு பார்த்துச் சொல்லுங்க, வெண்சங்கு சார் சொன்னது உங்க தரவுலயும் தெரியணும்.

#20 கப்பன்_கொன்றை

புரதத்தோட சி-முனையிலேயே முடியற பெப்டைடுக்கு வெட்டே தேவையில்லை. எக்ஸ் நிறைஞ்ச பக்கவாட்டுக்கு மாடல் குறைஞ்ச ஸ்கோர் கொடுத்தா அதை நம்பாம, அந்த வரிசைக்கு மட்டும் முழு ஸ்கோர்னு கையால எழுதுங்க. டெங்குவுக்குப் பத்துப் புரதம்னா, ஒரு நீளத்துக்குப் பத்தே வரிதான்.